புது டாரட் கட்டு: புத்தகத்தை மூடி வச்சிட்டுப் படத்தைப் பாத்தா என்ன தெரியுது?

தக்கலை_துளசி

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் போன் ஆப்லதான் டாரட் (குறி பாக்கிற படச்சீட்டு) பாத்துக்கிட்டிருந்தேன். இப்போ கையில பிடிக்கிற மாதிரி ஒரு கட்டு வாங்கியாச்சு. ரைடர்-வெய்ட்-ஸ்மித் படங்கள்தான், 2009ல வந்த நூற்றாண்டுப் பதிப்பு. கடைகள்ல வழக்கமா கிடைக்கிறதுல கண்ண அடிக்கிற மஞ்சளும் சிவப்பும் இருக்கும்லா, இதுல நிறம் நல்லாத் தணிஞ்சு கிடக்கு. கோடு தெளிவாத் தெரியுது. ஆப்ல கட்டைவிரல் அளவுக்குப் பாத்த படத்துக்குள்ள இவ்வளவு சாமான் இருக்கும்னு நினைக்கவே இல்ல.

ஒரு யோசனை. கூட வந்த சின்னப் புத்தகத்த அலமாரியில வச்சுப் பூட்டிட்டேன். ஒவ்வொரு சீட்டாப் போடுறேன். "இந்தச் சீட்டுக்கு அர்த்தம் இது"ன்னு யாரும் முதல்ல சொல்லப்பிடாது. கை என்ன செய்யுது, கால் எங்க நிக்குது, தண்ணி எப்படிக் கிடக்கு, வானம் எப்படி இருக்கு, அத மட்டும் சொல்லுங்க. அர்த்தத்துக்குப் பொறவு வருவோம்.

முதல் சீட்டு: ஆறு வாள். ஒரு படகு. பின்னால ஒருத்தன் நின்னு கம்பு ஊன்றுறான். முன்னால முக்காடு போட்ட ஒருத்தி குனிஞ்சு இருக்கா, பக்கத்துல ஒரு குழந்தை. எல்லாரும் நமக்கு முதுகு காட்டித்தான். படகு முன்பக்கத்துல ஆறு வாள் குத்தி நிக்குது.

வடசேரிவாசி

அக்கா, எனக்க வீட்டு லோன் எப்போ பாஸ் ஆகும்னு அந்தப் படகுக்காரன்ட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.

நெறியாளர்

வடசேரிவாசி, லோனுக்குத் தனி இழை உண்டு. இங்க படம் பேசுவோம். இன்னொண்ணு, "கட்டணத்துக்குப் பலன் சொல்கிறேன்"னு வந்த ரெண்டு பதிவ எடுத்துட்டேன். திரும்பப் போட வேண்டாம்.

முட்டம்காரன்

சீட்டு எனக்குத் தெரியாது. படகு தெரியும். அதனால சொல்லுகேன்.

ஒண்ணு, அவன் கம்பு ஊன்றுறான். கம்பு ஊன்றணும்னா அடியில தரை தட்டணும். ஆழக்கடல்ல கம்புக்கு என்ன வேலை? அங்க துடுப்பு வேணும், பாய் வேணும், இப்போன்னா எஞ்சின். அப்போ இவங்க போற தண்ணி ஆழமே இல்ல. இது கடலா இருக்காது, மணக்குடி பக்கம் பழையாறு கடல்ல சேருகுல்லா, அந்த மாதிரி ஒரு காயல். பயப்பட வேண்டிய இடத்த எல்லாம் தாண்டியாச்சு.

ரெண்டு, படகுக்கு வலதுபக்கம் தண்ணி சுருண்டு கிடக்கு, இடதுபக்கம் தட்டையாக் கிடக்கு. காத்து விழுந்துட்டு வருதுன்னு வச்சுக்கிடலாம்.

மூணு, ஆறு வாளும் அணியத்துல பலகையத் துளைச்சு நிக்குன்னா பிடுங்கினா தண்ணி கேறும். குத்தினது யாருன்னு பொறவு பாத்துக்கிடலாம். கரை பிடிக்கிற வரைக்கும் அதுல ஒருத்தனும் கை வைக்கப்பிடாது.

மார்த்தாண்டம்_ஜெ

கொள்ளாம் முட்டம்காரரே! நான் கொஞ்ச வருஷமா சீட்டு படிக்கிற ஆளு. "துயரத்தை விட்டு விலகிப் போகிறார்கள்"னு மட்டும்தான் எல்லாரும் எழுதுவாவ. கம்பு ஊன்றுனா ஆழம் கம்மின்னு ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்ல.

இதுல ரசம் என்னன்னா, இந்தக் கட்டத் திட்டம் போட்ட ஆர்தர் எட்வர்ட் வெய்ட் அவருக்க விளக்கப் புத்தகத்துல இந்தச் சீட்டுக்கு எழுதினதுல சோகமே கிடையாது. போற பாதை அலையில்லாம இருக்கு, ஏத்தின பாரமும் லேசு, அதனால இந்த வேலை படகுக்காரனுக்கச் சக்திக்கு மேல இல்லன்னுதான் எழுதியிருக்கார். அவரும் இதக் கம்பு ஊன்றுற தட்டைப் படகுன்னுதான் சொல்லுகார். அந்தப் பெண்ணுக்க குனிஞ்ச தலையப் பாத்துப் பின்னால வந்தவங்க சேத்ததுதான் இந்தத் துயரமெல்லாம். சேத்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஓவியம் அதுக்கு இடம் குடுக்குது. ஆனா படகுக்காரனப் பாக்காம அவளை மட்டும் பாத்தா பாதிச் சீட்டுதான் படிச்சிருக்கு.

அவன் கால் அகட்டி நிக்கிற நிலையப் பாருங்க, துளசி. அவசரம் கொஞ்சமும் இல்ல.

இரணியல்_வாத்தியார்

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். ஜோதிடம், சீட்டு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் இந்த இழையில் படத்தைப் பார்க்கிறீர்கள் என்பதால் சில தகவல்கள்.

டாரட் தோன்றியது குறி சொல்வதற்காக அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிரபுக்களின் வீடுகளில் ஆடிய சீட்டாட்டம் அது. நாம் இருபத்தெட்டு ஆடும்போது துருப்பு கேட்கிறோம் அல்லவா, அந்த வேலைக்காகவே தனியாக 21 படச்சீட்டுகளைச் சாதாரணக் கட்டோடு சேர்த்தார்கள். கூடவே 'முட்டாள்' என்று ஒரு சீட்டு. இப்போது 'மேஜர் அர்க்கானா' என்று மர்மமாகச் சொல்கிற 22ம் இவைதான். மற்ற 56ம் கிண்ணம், வாள், தடி, காசு என்ற நான்கு இனம். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றைக்கும் இதை வெறும் ஆட்டமாக ஆடுகிறவர்கள் உண்டு.

டாரட் எகிப்திலிருந்து வந்த ஞானம் என்ற கதை 1781இல் வந்தது. கூர் டி ஷெபலின் என்ற பிரெஞ்சு அறிஞர் எழுதினார். அப்போது எகிப்திய எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. ஷாம்போலியன் அதை உடைத்தது 1822இல். படிக்கத் தெரியாத எழுத்தின்மேல் என்ன வேண்டுமானாலும் ஏற்றிச் சொல்லலாம், மறுக்க ஆள் இருக்காது.

வடசேரிவாசி

வாத்தியார் வந்தாச்சு, இனி பரீட்சை வைப்பார்.

தக்கலை_துளசி

சார், நீங்க தொடர்ந்து எழுதணும். நம்பிக்கை இல்லாதவங்களும் இந்த இழையில வேணும்.

ஒரு சந்தேகம். விளையாட்டுக்கு வந்த சீட்டுன்னா படகு, பொம்பளை, குழந்தைன்னு கதை எதுக்கு? ஆறு வாள் வரைஞ்சு விட்டாப் போதாதா?

இரணியல்_வாத்தியார்

நல்ல கேள்வி. பழைய மார்செய் வகைக் கட்டுகளில் ஆறு வாள் என்றால் ஆறு வாள்தான், நம் ரம்மிச் சீட்டில் ஆறு இஸ்பேடு இருப்பதைப் போல. சின்னச் சீட்டுகளிலும் மனிதர்களை வைத்து வரைந்த பழைய கட்டு ஒன்று உண்டு: 15ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்த இத்தாலியின் சோலா புஸ்கா. அதன் புகைப்படங்கள் 1907இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. இரண்டு வருடம் கழித்து, 1909 டிசம்பரில், உங்கள் கையில் இருக்கும் கட்டின் மூலப்பதிப்பு லண்டனில் வெளிவந்தது. இதயத்தில் மூன்று வாள் பாய்ந்த சீட்டை இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எதைப் பார்த்து எது வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மார்த்தாண்டம்_ஜெ

வரைஞ்சவளுக்க பேரையும் சொல்லுங்க சார்! பமேலா கோல்மன் ஸ்மித். 1878ல லண்டன்ல பிறந்து, சின்ன வயசுல ஜமைக்காவுல இருந்து, நியூயார்க் புரூக்ளின்ல ஓவியம் படிச்சவ. நாடகக் கம்பெனிகூடச் சுத்தினவ. 1909ல ஒரு வருஷம்கூட எடுக்காம அவ்வளவு படத்தையும் போட்டுக் குடுத்தா. பெரிய வேலை, ரொம்பக் குறைஞ்ச காசுன்னு நண்பருக்கு எழுதின கடிதம் இருக்கு. கட்டுல ரொம்ப காலம் 'ரைடர்-வெய்ட்'னு பதிப்பகத்துக்கப் பேரும் திட்டம் போட்டவருக்கப் பேரும்தான் இருந்துது. துளசி, சீட்டுக்க அடிப்பக்க மூலையில பாம்பு மாதிரி சுருண்ட ஒரு கையெழுத்து இருக்கும். அது அவ போட்டது.

பெரிய சீட்டு 22க்கும் வெய்ட் நல்லா விவரமாச் சொல்லிக் குடுத்திருக்கார், சின்னச் சீட்டுல பெரும்பாலும் அவ இஷ்டத்துக்கு விட்டுட்டார்னுதான் இதப் பத்தி ஆராய்ஞ்சவங்க சொல்லுகாவ. பாத்தாலே நம்பலாம். பெரிய சீட்டுல ஆளுங்க பூசைக்கு நிக்கிற மாதிரி நேராப் பாத்து நிப்பாவ. சின்னச் சீட்டுலதான் நடக்கான், குனியுகா, திருடிக்கிட்டு ஓடுகான்.

தக்கலை_துளசி

பாத்தேன் பாத்தேன், கையெழுத்து இருக்கு! ஆப்ல அத வெட்டியே போட்டிருக்கான்.

அடுத்த சீட்டு: ரெண்டு காசு. ஒரு பையன், உயரத் தொப்பி, ஒரு கால் தூக்கி ஆடுறான். ரெண்டு கையிலயும் ஒவ்வொரு காசு, ரெண்டையும் சுத்தி எட்டு வடிவத்துல ஒரு கயிறு. பின்னால கடல். அலை மலை மாதிரி எழும்புது, அதுல ரெண்டு கப்பல்.

முட்டம்காரன்

ஆனி ஆடியில எங்க ஊர்ப் பாறையில நின்னு பாத்தா இப்படித்தான் இருக்கும். ஆனா அந்தப் பையனுக்க சட்டை காத்துல ஒரு நூலுகூட ஆடல. இம்புட்டு அலை எழும்பணும்னா கரையில நிக்க முடியாதுல்லா. அவன் நிக்கிற தரையும் மணல் இல்ல, பாறை இல்ல. வழுவழுன்னு கிடக்கு.

மார்த்தாண்டம்_ஜெ

மேடை! அதத்தான் சொல்ல வந்தேன். அவ நாடகக்காரி. இந்தக் கட்டுல சில சீட்டுகள்ல ஆளுங்க மேடைத் தரையில நிக்கிற மாதிரியும், பின்னால இருக்கதெல்லாம் திரைச்சீலையில எழுதின மாதிரியும் இருக்கும். இந்தச் சீட்டுல கடலும் கப்பலும் திரை. புயல் அவனுக்குப் பின்னால நடக்குது, அவன் அதுக்கு முதுகு காட்டிக்கிட்டு வித்தை காட்டுகான். "இரண்டு வேலையைச் சமாளித்தல்"னு புத்தகம் சொல்லும். எனக்கு இந்தச் சீட்டு வந்தா நான் கேக்கிறது வேற: நீ பாக்காத கப்பல் எது?

இரணியல்_வாத்தியார்

இந்தக் கேள்விக்குச் சீட்டு தேவையா அம்மா? யாரிடமும் கேட்கலாமே.

மார்த்தாண்டம்_ஜெ

கேக்கலாம் சார். ஆனா யாரும் கேக்க மாட்டாவ, கேட்டாலும் பதில் சொல்ல மாட்டாவ. நடுவுல ஒரு படம் கிடந்தா ஆளு என்னப் பாக்காம அதப் பாத்துப் பேசும். அதுதான் எனக்குத் தெரிஞ்ச டாரட். நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது, தெரியும்னு சொல்லி நான் காசு வாங்குறதும் இல்ல.

கொல்லங்கோடு_துபாய்

துளசி, தொங்குற மனுஷன் சீட்டு (12) போடுங்க. அதப் பாத்ததும் எனக்கு ஊர்த் தூக்கந்தான் ஞாபகம் வந்துது.

தெரியாதவங்களுக்குச் சொல்லுகேன். கொல்லங்கோடு பத்ரகாளி கோயில்ல மீன பரணிக்குத் தூக்க நேர்ச்சை. விரதம் இருந்த தூக்கக்காரங்கள உயர்ந்த வில்லு மரத்துல துணியால கட்டித் தொங்கவிடுவாவ, கையில நேர்ச்சைக்க பச்சப்பிள்ளை. அந்த வண்டிய ஆளுங்க கூடி கோயிலச் சுத்தி இழுப்பாவ. தொங்குறவன் முகத்துல பயம் இருக்காது. இந்தச் சீட்டுலயும் அவன் முகத்துல வலி இல்ல, தலையச் சுத்தி ஒளிவட்டம் வேற. அவனத் தூக்கினது வேற யாரோ இல்ல, அவனே நேர்ந்துக்கிட்டுத் தொங்குகான்.

தக்கலை_துளசி

போட்டாச்சு. ஒரு காலுல தலைகீழாத் தொங்குகான், இன்னொரு கால மடக்கிக் குறுக்க வச்சிருக்கான். கை ரெண்டும் முதுகுக்குப் பின்னால. நீலச் சட்டை, சிவப்புக் கால்சட்டை. மரம் 'T' மாதிரி இருக்கு, பட்டுப் போகல, இலை துளிர்த்து நிக்குது.

இரணியல்_வாத்தியார்

கொல்லங்கோடு தம்பி சொன்னது அழகு. ஆனால் இத்தாலியில் இந்தப் படத்துக்கு இருந்த அர்த்தம் நேர் எதிரானது. அங்கே துரோகம் செய்தவனையும் கடனைக் கட்டாமல் ஓடியவனையும் ஒரு காலில் தலைகீழாகத் தொங்குவதாக வரைந்து நகரத்துச் சுவரில் ஊர் பார்க்க வைப்பார்கள். அவமானப்படுத்துவதற்கென்றே வரையும் ஓவியம். பழைய பட்டியல்களில் இந்தச் சீட்டுக்கே 'துரோகி' என்று பெயர் உண்டு. ஒளிவட்டம் 1909இல் வந்தது. ஆக, உங்கள் ஊர்த் தூக்கக்காரரை அந்தக் காலத்து மிலான் நகரவாசி பார்த்திருந்தால், 'இவன் யாருக்குக் கடன்?' என்று கேட்டிருப்பான்.

வடசேரிவாசி

லோன் பேச்சு இப்போ யாரு எடுத்தது? நான் இல்ல.

கொல்லங்கோடு_துபாய்

சார், அப்போ என் வாசிப்பு தப்புன்னு சொல்லுகியளா?

இரணியல்_வாத்தியார்

இல்லை. வெய்ட் வைத்த ஒளிவட்டத்துக்கும் துளிர் இலைக்கும் உங்கள் வாசிப்பு பொருந்துகிறது. பழைய சீட்டுக்குப் பொருந்தாது. எந்தக் கட்டைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மார்செய் கட்டில் ஒளிவட்டம் இல்லை, முகத்தில் சாந்தமும் அவ்வளவு தெரியாது.

மார்த்தாண்டம்_ஜெ

ரெண்டையும் வச்சுக்கிடலாம்னு தோணுது எனக்கு. ஊரு இவனப் பாத்து அவமானம்னு நினைக்குது, இவன் நேர்ச்சைன்னு தொங்குகான். வேலைய விட்டுட்டு வீட்டுல அம்மாவப் பாத்துக்கிட்டு இருக்கிற ஒரு பிள்ளைக்கு இந்தச் சீட்டு வந்தப்போ, இத ரெண்டையும் சேத்துச் சொல்லியிருந்தா அவளுக்கு எவ்வளவு பிரயோஜனமா இருந்திருக்கும்!

கோட்டாறு_செல்வி

வாசிச்சிட்டு மட்டும் இருக்கலாம்னு நினைச்சேன். ஆனா கேக்காம இருக்க முடியல. நாங்க கத்தோலிக்கர். குறி கேக்கிறது எந்த வடிவத்துல இருந்தாலும் கூடாதுன்னு எங்க திருச்சபை மறைக்கல்வி ஏடு 2116ஆம் எண்ல தெளிவாச் சொல்லுது. எதிர்காலம் தெரிஞ்சுக்கணும்ங்கிற ஆசை எனக்குக் கிடையாது. ஆனா படம் வரையுற ஆளு நான். இந்தப் படங்களப் பாக்கிறதே தப்பா? வீட்டுல கேட்டா சத்தம் வரும்.

மார்த்தாண்டம்_ஜெ

செல்வி, உங்க மனசாட்சிக்கு நான் பதில் சொல்ல முடியாது. பங்குச் சாமியார்ட்ட பேசிப் பாருங்க. ஒரு விவரம் மட்டும் சொல்லுகேன்: இத வரைஞ்ச பமேலாவே 1911ல கத்தோலிக்கத் திருச்சபையில சேந்தவ. பொறவு கார்ன்வால்ல லிசார்டுன்னு ஒரு இடத்துல வீடு எடுத்து, ஓய்வுக்கு வர்ற குருக்களுக்கு விடுதி நடத்தினா. பிரிட்டன் பெருநிலத்துக்கே தெக்குக் கடைசி முனை அது, அவங்க ஊருக்குக் கன்னியாகுமரி! 1951ல அதே கார்ன்வால்ல கடனோட செத்துப் போனா. கட்டு உலகம் முழுக்க வித்தது பூரா அதுக்குப் பொறவுதான்.

நெறியாளர்

இழை மதச் சண்டைக்குப் போகாம இருக்கிறது சந்தோஷம். அப்படியே இருக்கட்டும்.

தக்கலை_துளசி

அடுத்தது எல்லாரும் பயப்படுற சீட்டு. 13, சாவு. கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு, வெள்ளைக் குதிரையில மெதுவாப் போகுது. கையில கறுப்புக் கொடி, அதுல வெள்ளை ரோஜா. ராஜா கீழ விழுந்து கிடக்கான், கிரீடம் தனியா. ஆயர் ஒருத்தர் கும்பிட்டு நிக்காரு. இளம்பெண் மண்டியிட்டு முகத்தத் திருப்பிக்கிட்டா. குழந்தை மட்டும் நேராப் பாக்குது. தூரத்துல ரெண்டு கோபுரம், நடுவுல சூரியன்.

கொல்லங்கோடு_துபாய்

இத நம்ம ஊருக்கு மாத்தி வரைஞ்சா எருமையில எமன், கையில பாசக்கயிறு. அப்படி ஒரு தமிழ்க் கட்டு வரணும்.

மார்த்தாண்டம்_ஜெ

எனக்கு இதுல சம்மதமில்ல. எமன் ஒரு ஆளத் தேடி வர்றவர். கணக்குப் பாத்து, பேரு சொல்லி, கயிறு வீசுவார். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் வந்து தடுக்கலாம், சாவித்திரி வாதாடலாம். இந்தக் குதிரைக்காரன் யாரையும் தேடல. ஒருத்தனையும் பாக்கல. வழியில இருந்தவங்க விழுகாவ. கொள்ளைநோய் கண்ட ஐரோப்பாவுக்கச் சாவு இது. ராஜா, ஆயர், குமரி, குழந்தைன்னு வரிசையா நிறுத்தி எல்லாருக்கும் ஒரே வழின்னு காட்டுறது அங்கத்திய பழைய ஓவிய மரபு. எமன வச்சா வாதாட இடம் வந்துரும், சீட்டே மாறிரும்.

இரணியல்_வாத்தியார்

முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். நான் சீட்டை நம்பாதவன், இருந்தாலும்! ஒரு துணுக்கு: பழைய மார்செய் கட்டில் இவனுக்குக் குதிரை கிடையாது. கையில் அரிவாளோடு நிலத்தில் அறுத்துக்கொண்டு போவான், கீழே தலையும் கையும் கிடக்கும். பெரும்பாலும் சீட்டில் பெயரே எழுதியிருக்காது. நாஞ்சில் நாட்டு வயலில் கன்னிப்பூ அறுப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் சட்டென்று புரியும்.

முட்டம்காரன்

குதிரைக்குப் பின்னால ஒரு ஆறும், பாய் வச்ச ஒரு படகும் கிடக்கு, ஒருத்தரும் சொல்லல. அது பாட்டுக்குப் போகுது.

அந்தச் சூரியன் உதிக்கிறதா, அடையுறதா?

தக்கலை_துளசி

அதத்தான் நானும் கேக்க நினைச்சேன். கன்னியாகுமரியில ஒரே கரையில நின்னு ரெண்டையும் பாக்கலாம், அதனால நம்ம கண்ண வச்சு முடிவு பண்ண முடியாது போல. சித்ரா பௌர்ணமிக்கு இந்தப் பக்கம் சூரியன் இறங்கும்போதே அந்தப் பக்கம் நிலா ஏறும் வேற.

மார்த்தாண்டம்_ஜெ

வெய்ட் அத அழியாமையின் சூரியன்னு எழுதியிருக்கார், அப்போ உதயம்னு எடுக்கலாம். ஆனா அதே மாதிரி ரெண்டு கோபுரம் 18, நிலாச் சீட்டுலயும் நிக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க துளசி. நிலாச் சீட்டுல நாயும் ஓநாயும் ஊளையிடுது, குளத்துல இருந்து ஒரு நண்டோ இறாலோ கரையேறுது, அதுக்க முன்னால தொடங்குற பாதை கோபுரத்துக்கு நடுவுல போகுது.

முட்டம்காரன்

நண்டு இல்ல, வாலு இருக்கு. எங்க கடல்ல படுற சிங்கி இறாலும் இல்ல. சிங்கிக்கு நீளமா மீசை இருக்கும், இப்படிப் பெரிய கொடுக்கு இருக்காது. இது அவங்க ஊரு ஆத்துலயோ கடல்லயோ படுற கொடுக்குள்ள சாதி.

ஆனா ஒண்ணு பொதுவானது. இந்த இனம் பூரா பகல்ல பாறை இடுக்குல கிடக்கும், ராத்திரிதான் வெளிய வரும். அதனால அது நிலாவப் பாத்து மயங்கி வருதுன்னோ, பயமுறுத்த வருதுன்னோ சொல்லாதீங்க. அதுக்கு இதுதான் வேலை நேரம். நாயும் ஓநாயும் எதுக்குச் சத்தம் போடுதுன்னுதான் கேக்கணும்.

மார்த்தாண்டம்_ஜெ

நான் இனி நிலாச் சீட்ட இப்படித்தான் படிக்கப் போறேன். "பயம், மயக்கம், ஏமாற்றம்"னு புத்தகம் சொல்லுறதெல்லாம் நாய்ப் பக்கத்துக் கதை. இறால் பக்கத்துக் கதைய யாரும் எழுதல.

கோட்டாறு_செல்வி

நான் சீட்டு எடுக்க மாட்டேன். ஆனா 20ஆவது சீட்டுப் படத்த இணையத்துல பாத்தேன், தீர்ப்பு. வானதூதர் எக்காளம் ஊதுறார், ஆண், பெண், குழந்தை எல்லாரும் கல்லறைப் பெட்டியில இருந்து கை விரிச்சு எழும்புறாங்க. எல்லாரும் இத உயிர்ப்புன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. பெட்டிகளப் பாருங்க. மண்ணுல இல்ல, தண்ணியில மிதக்குது.

திருவெளிப்பாடு 20ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்துல, கடல் தன்னிடம் இருந்த இறந்தவங்கள ஒப்படைச்சதுன்னு வரும். பெட்டி மிதக்கிறதுக்கு அதத்தவிர வேற காரணம் எனக்குத் தோணல. ஒக்கி புயல் அடிச்ச 2017 நவம்பருக்குப் பொறவு எங்க பங்குல இந்த வசனம் வாசிக்கும்போது கோயில்ல ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கல. உடல் வராத வீடுங்க உண்டு.

முட்டம்காரன்

செல்வி சொன்னது சரிதான். எங்க தெருவுலயும் உண்டு. பெட்டியில்லாம சிலுவை மட்டும் வச்சிருக்காவ.

வேற சீட்டுக்குப் போவோம்.

தக்கலை_துளசி

சரி அண்ணா.

நடுவுல ஒரு சின்ன விஷயம். கட்டு வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகுது, அதுக்குள்ள சீட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. எங்க வீடு கடல்ல இருந்து தள்ளித்தான், இருந்தாலும் ஈரக்காத்து. என்ன செய்ய?

வடசேரிவாசி

கேரம் போர்டு பவுடர் போடுங்க.

மார்த்தாண்டம்_ஜெ

ஐயோ வேண்டாம், படத்துல வெள்ளை படியும். செருப்புப் பெட்டியில சிலிக்கா பொட்டலம் வரும்லா, அதுல ரெண்ட டப்பாவுக்குள்ள போட்டு மூடி வைங்க. கை கழுவித் துடைச்சிட்டுத் தொடுங்க. மழைக் காலத்துல துணிப்பை ஆகாது, டப்பாதான்.

புதுசா வாங்குறவங்களுக்கும் சொல்லுகேன். இணையத்துல விலை ரொம்பக் குறைச்சு விக்கிறதுல பாதி நகல். அட்டை சின்னதா, வழுக்கலா இருக்கும், நிறம் அடிக்கும், புத்தகத்துக்குப் பதிலா பெட்டியில ஒரு கியூஆர் கட்டம் இருக்கும். பமேலா கையெழுத்துல கோடு கலங்கித் தெரிஞ்சா வாங்காதீங்க.

கொல்லங்கோடு_துபாய்

நீதிச் சீட்டுக்கு எண் என்ன? என் நண்பன் கட்டுல 8, துளசி படத்துல 11.

இரணியல்_வாத்தியார்

பழைய மார்செய் வரிசையில் நீதி 8, வலிமை 11. வெய்ட் இரண்டையும் இடம் மாற்றினார். அவரும் பமேலாவும் இருந்த 'கோல்டன் டான்' என்ற மறைஞானச் சங்கம் சீட்டுகளை ராசிகளோடு பொருத்தியது. அந்த வரிசையில் சிம்மம் முன்னே வர வேண்டும், துலாம் பின்னே. சிங்கம் இருப்பது வலிமைச் சீட்டில், தராசு இருப்பது நீதிச் சீட்டில். அதனால்தான் மாற்றம்.

அந்த நீதிதேவதைக்குக் கண்கட்டு கிடையாது, கவனித்தீர்களா? கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கிறாள். கையில் வாள் நிமிர்ந்து நிற்கிறது. 2024இல் செய்திகளில் வந்த நம் உச்ச நீதிமன்றத்துப் புதுச் சிலைக்கும் கண்கட்டு இல்லை. ஆனால் வாளை எடுத்துவிட்டு அரசமைப்புச் சட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் சுசீந்திரத்தில் கொதிக்கிற நெய்யில் கையை விட வைத்துத் தீர்ப்புச் சொன்ன சமஸ்தானம் இது. எனக்குப் புதுச் சிலைதான் பிடித்திருக்கிறது.

தக்கலை_துளசி

சார், நம்பிக்கை இல்லன்னு சொல்லிட்டு எங்க எல்லாரையும்விட அதிகமா சீட்டு பாத்திருக்கீங்க.

நாளைக்குக் கிண்ண ராஜா போடுறேன். கடலுக்கு நடுவுல கல் சிம்மாசனத்துல உக்காந்திருக்கான், பின்னால ஒரு பக்கம் கப்பல், ஒரு பக்கம் மீன் துள்ளுது. முட்டம் அண்ணா, இப்பவே யோசிச்சு வைங்க.

முட்டம்காரன்

யோசிக்க ஒண்ணுமில்ல பிள்ளே. கல்லு மிதக்குது, அவன் உடுப்பு நனையல. கிண்ணத்தப் பிடிச்சிருக்கான், தண்ணியப் பாக்கல. கடல்ல இருக்கான், கடலுக்கு எறங்கினவன் இல்ல. மீனு என்ன மீனுன்னு படத்தப் பெருசாப் போடுங்க, அதப் பாத்துட்டு மிச்சம் சொல்லுகேன்.

இரணியல்_வாத்தியார்

இந்த 78 சீட்டை வைத்து அசல் ஆட்டம் ஆட நாலு பேர் கிடைத்தால் நான் தயார். விதிமுறை தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரணியல்.

வடசேரிவாசி

நான் வாறேன் சார். காசு வச்சு இல்லல்லா?